கள்ளியை விதை போட்டு வளர்ப்பது நம் ஊரில் ஆகுமா?

தாம்பரத்தான், ஜனவரி 27

விதையிலிருந்து கள்ளி வளர்ப்பது குளிர் நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு. நம் வெயிலுக்கு முளைத்தது எதுவும் நிற்காது. லித்தாப்ஸ் (கூழாங்கல் மாதிரி இருக்கும் செடி), ரெபூட்டியா (குட்டி உருண்டைக் கள்ளி), எச்சிவேரியா (பூ மாதிரி இலை அடுக்கிய செடி) மூன்றும் போட்டேன். நன்றாக முளைத்தன, மே மாதத்துக்குள் மூன்றும் காலி. நர்சரியில் வளர்ந்த செடி வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

முள்ளக்கா (மதுரை), ஜனவரி 27, இரவு

மறுக்கிறேன். போட்ட மூன்றும் எந்த ஊர் செடி என்று பாருங்கள். ரெபூட்டியா பொலிவியா, வட அர்ஜென்டினா மலைச்சரிவில் வளர்வது. எச்சிவேரியாவில் பெரும்பகுதி மெக்சிகோ மலைகளில். லித்தாப்ஸ் தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட நிலத்தில். ஊட்டி கேரட்டை ராமநாதபுரத்தில் விதைத்துவிட்டு விவசாயமே ஆகாது என்றால் எப்படி?

முள்ளக்கா, ஜனவரி 28

காலையில் இன்னும் இரண்டு பேர் "வெயில்தான் காரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலுக்கு நிழல்வலை கட்டிவிடலாம், அது ஒரு பிரச்சினையே இல்லை. கட்ட முடியாதது ராத்திரி.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். கள்ளி பகலில் திறந்தால் சேர்த்து வைத்த தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் ராத்திரி திறக்கிறது. அப்போது எடுத்த வாயுவை அமிலமாக மாற்றி உள்ளே வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகிறது. ராத்திரி குளிர்ந்தால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே மாதம் நடுராத்திரியிலும் மொட்டை மாடித் தரை சுடுகிற ஊரில் மலைக்கள்ளி துளையை மூடிக்கொண்டு சும்மா கிடக்கும். வளராமல் சும்மா கிடக்கிற செடிக்கு "பாவம் வாடுகிறதே" என்று நாம் தண்ணீர் ஊற்றுவோம். அது குடிக்காது. வேர் அழுகும். வெயிலில் செத்தது என்று பெயர் வரும்.

எனவே விதை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள். அந்தச் செடியின் சொந்த ஊரில் ராத்திரி எப்படி என்று பாருங்கள்.

ஜனவரி 30

"அப்போது எதைத்தான் போடுவது" என்று கேட்ட தம்பிக்கு.

தாம்பரம் என்றால் முதலில் மெலோகாக்டஸ். கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் கடலோரத்திலேயே வளர்கிற இனங்கள் இருக்கின்றன. சூடான ராத்திரி, உப்புக்காற்று, புழுக்கம் எல்லாம் அதற்குப் பழக்கம். குளிர்தான் ஆகாது. ஐரோப்பாக்காரர்கள் கண்ணாடி வீட்டில் ஹீட்டர் போட்டு இதைக் காப்பாற்றுகிறார்கள், நமக்கு ஓசியில் கிடைக்கிறது. இன்னொரு வசதி, பெரும்பாலான இனங்களில் ஒரே செடி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். செடி முதிர்ந்ததும் உச்சியில் பஞ்சும் முள்ளுமாக ஒரு தொப்பி கட்டும். அதற்கப்புறம் உடம்பு வளராது, தொப்பி மட்டும்தான் உயரும். அந்தப் பஞ்சுக்குள் இருந்து ஒரு நாள் காலையில் ரோஸ் நிறப் பழம் குட்டி மிளகாய் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இழுத்தால் கையோடு வரும், பிதுக்கினால் கறுப்பு விதை. தொப்பிக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும், அது உண்மை.

அடுத்தது அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டெரியாஸ். முள்ளே இல்லாத, மேலே வெள்ளைப் புள்ளி வைத்த உருண்டை. டெக்சாஸ் தெற்கு முனையிலும் மெக்சிகோவின் தமவுலிபாஸ் பக்கத்துத் தாழ்நிலத்திலும் வளர்வது, எனவே சூட்டுக்குப் பயப்படாது. இது தனியாகக் காய்க்காது, இரண்டு செடி வேண்டும்.

கள்ளிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அடீனியம். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முதல் முறை போடுகிறவர்கள் இதில் கை பழகிக்கொண்டு மற்றதற்குப் போங்கள். காய் இரட்டைக் கொம்பாக வரும். பழுத்ததும் வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சு வைத்த விதைகள் காற்றோடு பறந்துவிடும். வெடிப்பதற்கு முன்பே நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியில் முளைத்து அவர் பெருமைப்படுவதைப் பார்க்க வேண்டியிருக்காது.

பிப்ரவரி 2

நான் செய்கிற முறை. இதுதான் சரி என்று சட்டம் இல்லை.

மூடியோடு வரும் பிரியாணி டப்பா. அடியில் ஊசியைச் சுட்டு நாலைந்து ஓட்டை. கலவையில் பாதிக்கு மேல் கல்தான்: சலித்த செங்கல் சில்லு, கழுவிய எம்-சாண்ட், கொஞ்சம் பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் கல். மீதி கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள், அதையும் உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போடுவேன். மண்புழு உரம் இந்தக் கட்டத்தில் வேண்டாம், பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கலவையை ஈரப்படுத்தி, துணியில் கட்டி, இட்லிப் பானையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆவி காட்டுகிறேன். ஆறியதும் டப்பாவில் நிரப்பி, கீழிருந்து தண்ணீர் ஏற விட்டு, மேலே விதையைத் தூவ வேண்டும். புதைக்கக் கூடாது. பெரும்பாலான கள்ளி விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மூடியைப் போட்டு ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம். 25லிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் போதும். 35ஐத் தாண்டினால் பல இனங்கள் முளைக்கவே யோசிக்கும். அதனால் எங்கள் பக்கம் தை, மாசி நல்ல காலம். சித்திரையில் விதைப்பது விதைக்குக் கேடு.

பிப்ரவரி 2, மாலை

இட்லிப் பானை விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களுக்கு: தனிப் பானை. என் மாமியார் இருக்கிற வீட்டில் வேறு வழியே கிடையாது. "முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாது" என்று அவர் சொல்லாத நாளில்லை. ஆனால் வாசல் நிலையில் திருஷ்டிக்கு ஒரு கற்றாழையைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பதும் அவர்தான். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, மாதக்கணக்கில் அது உயிரோடு தொங்குகிறது, நுனியில் குருத்துகூட விடுகிறது. தமிழ்நாட்டில் மிக அதிகமாக வளர்க்கப்படும் சதைப்பற்றுச் செடி எது என்று கேட்டால் நான் கடைவாசலைத்தான் காட்டுவேன்.

பிப்ரவரி 9

ஆஸ்டெரியாஸ் முளைத்தாகிவிட்டது. புது விதை என்றால் இரண்டு மூன்று நாளிலேயே வெடிக்கும்.

விதையே பார்க்க அழகு. கரும்பழுப்பில் பளபளவென்று, கவிழ்த்த தொப்பி வடிவத்தில், பல கள்ளி விதைகளைவிடப் பெரியது. முளைப்பது இலை விடுவது போல் இருக்காது. விதை இரண்டாகப் பிளந்து பச்சை உருண்டை ஒன்று பிதுங்கும். வித்திலை என்று சொல்ல இரண்டு மேடு இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். சிலது தொப்பியைக் கழற்றாமலே தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், ஈரம் இருந்தால் தானாக விழும். சில நாற்றுகளின் வேர் மண்ணுக்குள் போகாமல் வெளியே நிற்கும். வெள்ளையாக, ரோமம் வைத்த ஒரு மில்லிமீட்டர் வால். பல்குத்தும் குச்சியால் ஒரு குழி போட்டு வாலை உள்ளே இறக்கி இரண்டு மணல் துகளை அணைக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் என்னால் முடியாது. மூச்சு பட்டால் உருள்கிறது.

மெலோகாக்டஸ் இன்னும் அசையவில்லை. அதற்கு நேரமாகும்.

பிப்ரவரி 21

"டப்பாவுக்குள் வெள்ளை நூல் படர்கிறது, நாற்றுகள் கண்ணாடி மாதிரி ஆகிச் சாய்கின்றன."

நாற்றழுகல். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் எடுத்து எறியுங்கள். மீதிக்கு ஏதாவது ஒரு பூஞ்சைக்கொல்லி, பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி. மூடியை ஓரமாகத் திறந்து வையுங்கள். பழத்தோல், சாம்பார் பொடி, மஞ்சள் எல்லாம் வேண்டாம். மஞ்சள் வைத்தியம் பற்றி எனக்குத் தனிமடல் போடுகிறவர்கள் முதலில் உங்கள் டப்பாவின் படத்தைப் போடுங்கள்.

பச்சைப் பாசி வேறு விஷயம். அது நாற்றைத் தின்னாது, ஆனால் மேலே தகடு மாதிரி படிந்து மூச்சு முட்ட வைக்கும். மேல்மட்டத்தில் மெல்லிய சரளை தூவினால் குறைகிறது.

மார்ச் 14

நீல நிற லித்தாப்ஸ் விதை, வானவில் கள்ளி விதை, நூறு விதை தொண்ணூற்றொன்பது ரூபாய். ஒரு ஆன்லைன் கடையில் நானும் வாங்கினேன், என்னதான் வருகிறது என்று பார்க்க. முளைத்தது. இரண்டு இலை விட்டது, நாலு இலை விட்டது, கொடி ஓடியது. பொடுதலையா பசலையா என்று பந்தயம் கட்டினோம். கடைசியில் பத்துமணிப்பூ. புகார் கொடுத்தால் "முளைத்ததே, பிறகென்ன" என்று பதில். அதுவும் சதைப்பற்றுச் செடிதான் என்ற வகையில் அவர்கள் சொன்னது பொய்யில்லை.

லித்தாப்ஸில் சாம்பல் உண்டு, பழுப்பு உண்டு, செங்கல் நிறம், பச்சை, சிவப்பு ஊதாகூட உண்டு. நீலம் இல்லை. கள்ளியில் நீலச்சாயல் உடம்பு உண்டு, பைலோசோசீரியஸ் மாதிரி. அது மேலே படியும் மெழுகு, கை பட்டால் போய்விடும்.

ஏப்ரல் 5

இழை எங்கேயோ போய்விட்டது. சங்கப் பாட்டிலேயே கள்ளி இருக்கிறது, எனவே காக்டஸ் நம் நாட்டுச் செடி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுடுகாட்டில் நிற்பதாகப் பாட்டில் வருவது சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகையறா, யூஃபோர்பியா. ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். காக்டஸ் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து, கப்பல் வழியாக வந்தது. அடையாளம் வேண்டுமென்றால் முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் முள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தையிலிருந்து கிளம்பும். யூஃபோர்பியாவில் அந்த மெத்தை இருக்காது.

நம் நாட்டுச் செடி வேண்டுமென்றால் கள்ளிமுளையான் இருக்கிறதே. துவையல் அரைக்கிறோம், பூ வந்தால் அழுகிய வாடை, ஈ வந்துதான் மகரந்தம் சேர்க்கிறது. அதன் விதையும் பஞ்சு வைத்துப் பறக்கும். அதைப் போட்டு வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், எனக்கு ஆசை.

ஏப்ரல் 6

கண்டிக்காரர் ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே ஒரு காக்டஸ் மட்டும் அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக இருக்கிறது: ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை. மரத்தில் தொங்குவது, முள் கிடையாது, பென்சில் கனத்துக்கும் குறைவான பச்சைக் கயிறுகள். பழம் வெள்ளையாக முத்து மாதிரி இருக்கும், விதை பிசுபிசுக்கும். பறவை கொண்டு வந்திருக்கலாம் என்பதுதான் பலர் சொல்வது. மற்றதெல்லாம் கப்பல் என்று நேற்று எழுதியது இதை நீக்கிவிட்டுத்தான்.

ஏப்ரல் 6, பிற்பகல்

கப்பல் என்றதும் சப்பாத்திக்கள்ளி கதை. 1700களின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் ஒரு பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும், கோச்சினீல். ஸ்பானியர்கள் அதில் கொழித்தார்கள், கம்பெனிக்கும் ஆசை. 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை, அதன் மட்டமான உறவு. சாயத்தொழில் தேறவில்லை, பூச்சி ஒரு கள்ளி இனத்தையே தின்று தீர்த்தது. அப்புறம் வேலியும் தரிசும் வேறொரு சப்பாத்திக்கள்ளியால் மூடிக் கிடந்தபோது, 1926ல் இன்னொரு கோச்சினீல் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். அது சொன்ன வேலையைச் செய்தது.

இது ஏன் இங்கே என்றால், உங்கள் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு கண்டால் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் குங்குமமாகச் சிவந்தால் கோச்சினீல், இல்லையென்றால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும்தான், சாயங்கால நேரத்தில். வெயிலில் எண்ணெய் அடித்தால் தோல் வெந்துவிடும். மாவுப்பூச்சி வேரிலும் குடியிருக்கும். காரணம் தெரியாமல் ஒரு செடி நின்றுபோனால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

மே 11

கத்திரி. நிழல்வலை எவ்வளவு என்று ஐந்தாறு பேர் கேட்டாகிவிட்டது. பெரிய செடிக்கு 50 சதவீதம். போன வருடம் வரை நாற்றுக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன், இப்போது 75 சதவீதத்துக்கு வந்துவிட்டேன். "பாலைவனச் செடிக்கு நிழலா" என்பவர்களுக்கு: பாலைவனத்திலேயே நாற்று மர நிழலில்தான் பிழைக்கிறது. அரிசோனாவின் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளி, பாலோ வெர்டே மரத்தடியில் முளைத்து, முதல் எட்டு வருடத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும். திறந்த வெளியில் கைவிரித்து நிற்கிற படத்தைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அது கிழவன் ஆன பிறகு எடுத்த படம்.

நாற்று செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம். வெளிறி நீண்டால் குறைவு. மெலோகாக்டஸ் மட்டும் இந்தச் சூட்டில் தளதளவென்று இருக்கிறது, ராத்திரி சாப்பிடுகிறது போல.

ஜூலை 20

ஆடிக்காற்றில் லேபிள் எல்லாம் பறந்தது. மூடியைத் திறந்து வைத்திருந்த டப்பாக்களில் ஒரே நாளில் மண் காய்ந்தது. மூடியை எப்போது எடுப்பது என்பதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மாதத்தில் திறந்தால் நல்லது. மதுரையில் ஆடி முடியும் வரை அரைமூடியாவது வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒட்டுக்கட்டுவது பற்றி: பொறுமை இல்லாதவர்கள் நாற்றைப் பெரெஸ்கியோப்சிஸ் என்ற வேகமாக வளரும் இலைக்கள்ளியின் தண்டில் ஒட்டி வேகமாகப் பெரிதாக்குகிறார்கள். வேலை செய்கிறது. ஆனால் ஒட்டில் வளர்ந்தது ஊதிப்போய் இருக்கும், சொந்த வேரில் வளர்ந்ததன் தட்டை வடிவம் வருவதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் உருண்டைகளுக்கு மட்டும் வேறு வழி கிடையாது. பச்சையம் இல்லாத ஜிம்னோகலிசியம் என்ற கள்ளி அது, 1940களில் ஜப்பானில் விதைத்தட்டில் தற்செயலாக வந்த நாற்றின் வாரிசு. கீழே இருக்கும் டிராகன் பழத்தண்டுதான் சாப்பாடு போடுகிறது. தண்டு போனால் உருண்டையும் போகும். அது செத்ததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

செப்டம்பர் 3

"அரியோகார்ப்பஸ் பெரிய செடி, காட்டிலிருந்து எடுத்தது, விலை இவ்வளவு, வாங்கலாமா?"

வாங்காதீர்கள். மிக மெதுவாக வளரும் இந்தக் கள்ளி சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது, ஆஸ்டெரியாஸும் அப்படியே. காட்டுச் செடியை வியாபாரத்துக்காக நாடு கடத்துவது குற்றம். வெளிநாட்டிலிருந்து சாதாரணச் செடி, விதை வரவழைக்கவே இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். 2020ல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துக் கோபியாபோவா, எரியோசைஸ் செடிகள் ஆயிரத்துக்கும் மேல் சிக்கின. மறு வருடம் 844 செடிகளைச் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். மழையே பார்க்காமல் பனிமூட்டத்தில் வளரும் செடிகள், ஒவ்வொன்றுக்கும் நம் தாத்தா வயது இருக்கும். பிடுங்கியவன் விதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பானா?

கடலை அளவு அரியோகார்ப்பஸ் ஆக ஓரிரு வருடம் ஆகட்டுமே. வேறென்ன அவசரம்?

அக்டோபர் 19

வடகிழக்கு மழை. வெளியே இருப்பதையெல்லாம் பாலிகார்பனேட் ஷீட்டுக்குக் கீழே தள்ளுங்கள். ஒரு மழை ஒன்றும் செய்யாது. நாலு நாள் விடாத தூறல்தான் அழுக வைக்கும். தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். தாம்பரத்தம்பி மெலோகாக்டஸ் படம் போட்டிருக்கிறார், மிளகு அளவு. நன்றாக இருக்கிறது, தொட்டி மட்டும் பெரிது. மீதி மண்ணெல்லாம் ஈரம் பிடித்துக்கொண்டு நிற்கும், பல நாற்றுகளை ஒன்றாக நெருக்கி வையுங்கள். நெருக்கமாக இருந்தால்தான் நன்றாக வளர்கின்றன, ஏனென்று கேட்டால் அந்த ஈரக் கணக்குதான்.

நவம்பர் 23

விதைப் பரிமாற்றம். என்னிடம் மெலோகாக்டஸ், ஆஸ்டெரியாஸ் இரண்டும் இருக்கின்றன. ஆஸ்டெரியாஸ் காய் அடியில் வெடிக்கும், பார்க்காமல் விட்டால் எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் டீ பேக்கைப் பிரித்துக் காய்மேல் மாட்டியிருந்தேன். இந்த வருடமே போட்டுவிடுங்கள். அஸ்ட்ரோபைட்டம் விதை பழசானால் முளைப்பு சரசரவென்று குறையும். மெலோகாக்டஸ் பொறுக்கும்.

ஆஸ்டெரியாஸ் பக்கத்திலேயே இன்னொரு அஸ்ட்ரோபைட்டமான மிரியோஸ்டிக்மாவும் ஒரே நேரத்தில் பூத்தது. நான் பிரஷ்ஷால் சேர்த்தது போக, தேனீ என்ன செய்ததோ தெரியாது. பாக்கெட்டில் தாய் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். சுத்தமான இனம்தான் வேண்டும் என்பவர்கள் கேட்காதீர்கள்.

சாதாரணக் கவர் அனுப்பாதீர்கள், முத்திரை குத்துகிற இடத்தில் விதை நசுங்குகிறது. பப்பிள் கவர், அதில் உங்கள் முகவரியைப் பென்சிலில் இல்லாமல் பேனாவில் எழுதி அனுப்புங்கள். தொட்டி லேபிளுக்குத்தான் பென்சில்.